இரண்டாவதாக வந்தவருக்கு என்ன பதில்?

உரை எழுத எடுத்துக்கொண்ட மூலம் மிகச் சிறியது. லினக்ஸ் கெர்னலில் மாட்யூல்களை ஏற்றும் பகுதிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2023-இல் எழுதி, 6.5 பதிப்பில் சேர்ந்த மூன்று குட்டி ஃபங்ஷன்கள். சி மொழியில் இருப்பதைத் தமிழில் சொல்லி, அடியில் உரை தருகிறேன். மூலத்துக்குப் போகும் முன் அது பிறந்த சந்தர்ப்பத்தைச் சொல்லியாக வேண்டும்.

கணினி பூட் ஆகும்போது, கெர்னல் தான் கண்ட ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் அறிவிப்பு விடுகிறது. சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, பொருத்தமான மாட்யூலை ஏற்றச் சொல்கிறது. கெர்னல் கணக்கில் சிபியுவும் ஒரு சாதனம். 200 சிபியு உள்ள சர்வர் என்றால் ஒரே மாதிரி 200 அறிவிப்பு. யூடெவின் வேலையாட்கள் பலர் ஒரே நொடியில் வந்து "இந்த மாட்யூலை ஏற்று" என்று நிற்பார்கள். ஒருவர் ஏற்றினால் போதும். மற்றவர்கள் வந்தது வீண் என்பது 6.5-க்கு முன் கெர்னலுக்கு எப்போது தெரியும்? கோப்பு முழுவதையும் நினைவகத்தில் படித்து, சுருக்கியிருந்தால் விரித்து, உள்ளே மாட்யூலின் பெயரைப் பார்த்த பிறகுதான். கோப்பு 2 எம்பி, வந்தவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 200 எம்பி பிடித்து, 198 எம்பியைத் தூக்கிப் போட வேண்டும்.

வியாதி பழையது. ஃபெடோரா 17, 18 காலத்தில், மெய்நிகர் கணினிகளுக்கான கேவிஎம் மாட்யூலைப் பலர் ஒரே நேரத்தில் ஏற்றப் போய், சிபியுவுக்குத் தனித்தனியாக ஒதுக்கும் நினைவகம் தீர்ந்துபோனது. மாட்யூல்களுக்கென வைத்திருந்த பகுதியே 8 கேபிதான். 2013-இல், மாட்யூல் பகுதியைப் பராமரித்த ரஸ்டி ரஸ்ஸல் செய்த வைத்தியம், "இன்னும் உருவாகவில்லை" என்றொரு புதிய நிலையை ஏற்படுத்தி, மாட்யூலைக் கட்டி முடிக்கும் முன்பே அதன் பெயரைப் பட்டியலில் போட்டுவிடுவது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான். ஆனால் துண்டு போடவும் பஸ் வரை ஓடி வர வேண்டுமே? அந்த ஓட்டம், அதாவது கோப்பைப் படிக்கும் செலவு, அப்படியே மிஞ்சி நின்றது. இனி மூலம்.

"ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு சீட்டோடு வரும். சீட்டில் நான்கு: ஓர் அடையாளம், பட்டியலில் கோக்க ஒரு கொக்கி, முடிந்தால் அடிக்க ஒரு மணி, விடை எண்."

அடையாளம் என்பது கோப்பின் ஐநோட், அதாவது கோப்பைப் பற்றிக் கெர்னல் வைத்திருக்கும் பதிவு, இருக்கும் முகவரி. மாட்யூலின் பெயரையே வைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பெயர் கோப்புக்குள் இருக்கிறது, படித்தால்தான் தெரியும். படிக்காமலே தடுப்பதுதான் இங்கே காரியம். கோப்பைத் திறந்த மாத்திரத்தில் ஐநோட் கையில் கிடைத்துவிடுகிறது.

இதில் சில ஓட்டைகள் உண்டு, தெரிந்தே விட்டவை. ஒரே மாட்யூல் இரண்டு கோப்பாக இருந்தால் ஐநோட் வேறாகிவிடும்; அப்படி வருபவர்களை ரஸ்ஸலின் பழைய பட்டியல்தான் பிடிக்க வேண்டும். கோப்பைக் காட்டாமல் நினைவகத் துண்டை நீட்டும் பழைய சிஸ்டம் காலும் இந்த வலைக்குள் வராது. கோப்பைக் காட்டும் வழியே 2013-இல், 3.8 பதிப்பில்தான் வந்தது. அடையாளத்தில் பாராமீட்டர்களும் இல்லை. இரண்டு பேர் வெவ்வேறு பாராமீட்டரோடு வந்தால் முதல்வருடையதுதான் செல்லும். கொஞ்சம் முரட்டுத்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் முன்பும் இரண்டாமவர் "ஏற்கெனவே இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பியவர்தான். அவருக்குப் புதிதாக நஷ்டம் எதுவும் இல்லை.

சீட்டு எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக நினைவகம் கேட்டு வாங்கவில்லை. அழைத்தவரின் ஸ்டாக்கிலேயே ஒரு லோக்கல் மாறி. பின்னால் இது பெரிய விஷயமாகும்.

"பூட்டைப் போடு. என் அடையாளத்தோடு வேறு சீட்டு உண்டா என்று தேடு. இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் சீட்டைக் கோத்துவிடு. பூட்டைத் திற. முன்பே ஒன்று இருந்ததா என்று சொல்."

மூலத்தின் உயிர் இங்கேதான். தேடுவதும் கோப்பதும் ஒரே பூட்டுக்குள் நடக்கின்றன. பிரித்துச் செய்தால் என்னவாகும் என்று பார்க்கலாம். 4-ஆம் சிபியு தேடுகிறது: சீட்டு இல்லை. அது கோப்பதற்குள் 9-ஆம் சிபியு தேடுகிறது: சீட்டு இல்லை. 4 கோக்கிறது, 9 கோக்கிறது. இரண்டும் "நான்தான் முதல்" என்று கோப்பைப் படிக்கப் போய்விடும். ரேஸ் கண்டிஷன் என்பது இந்த இடுக்குதான். நம் மேஜையில் நான்கு சிபியுவை வைத்துக்கொண்டு எத்தனை முறை பூட் செய்தாலும் அது அகப்படாமல் போகலாம். பெரிய சர்வரில் தினமும் வந்து நிற்கும்.

"இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்ற தொடரை அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது. தடுப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் முதல்வரின் சீட்டு ஒன்று போதும். பின்னால் வந்தவர்களும் சீட்டைக் கோப்பது, வேலை முடிந்ததும் முதல்வர் அவர்களைத் தேடிப் போய் விடை கொடுப்பதற்காக.

பூட்டு ஒரு ஸ்பின்லாக். சீட்டுகளைக் கோக்கும் பட்டியல்கள் இருக்கும் ஹேஷ் அட்டவணைக்கு 256 அறை, எல்லாவற்றுக்கும் பூட்டு ஒன்றே. பிடித்திருப்பது பட்டியலை ஒரு பார்வை பார்க்கும் நேரம் மட்டுமே. டிஸ்க்கைப் படிக்கும் வேலை எதுவும் உள்ளே இல்லை.

"வேறொருவர் செய்துகொண்டிருந்தால், மணி அடிக்கும்வரை காத்திரு. அவருக்குக் கிடைத்த விடையையே நீயும் திருப்பு."

முதல்வரைத் தேர்ந்தெடுப்பது சுலபம். பின்னால் வந்தவரிடம் என்ன சொல்வது என்பதில்தான் இந்தக் கதை இரண்டு முறை சறுக்கியது. சில வாரங்களுக்கு முன் செய்த முதல் முயற்சி, அவரிடம் "பிஸி" என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. நினைவகம் மிச்சமானது. ஆனால் ஆர்ம் சிப் வைத்த ஒரு மடிக்கணினியில் திரையும் வரவில்லை, யூஎஸ்பி ஈத்தர்நெட்டும் வரவில்லை. மாற்றத்தை அப்படியே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. மாட்யூல் கேட்டு வந்தவருக்கு வேண்டியது ஏற்றும் உரிமை அல்ல, ஏறிய மாட்யூல். அதை நம்பி அடுத்த மாட்யூல் நிற்கிறது. "பிஸி" என்றால் அவர் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு கணம் கழித்து மாட்யூல் ஏறியிருக்கும், கேட்டவர் இருக்க மாட்டார். அதனால்தான் 6.5-இல் காத்திருக்க வைத்தார்கள். தோல்வியும் பொதுவில்தான்: முதல்வருக்கு "அப்படிச் சாதனம் இல்லை" என்று வந்தால், காத்திருந்த அத்தனை பேருக்கும் அதே விடை. 200 பேரும் முறை வைத்து ஒவ்வொருவராக ஏற்றிப் பார்த்துத் தோற்பதைவிட இது எவ்வளவோ மேல். 2019-இல் செய்த ஒரு மாற்றத்தால் கிட்டத்தட்ட அப்படியே நடந்து, பூட் இழுத்துக்கொண்டு கிடந்ததும், அதை 6.2-இல் சரிசெய்ததும் உண்டு.

"வேலை முடிந்தது. பூட்டைப் போடு. அடையாளம் ஒத்த ஒவ்வொரு சீட்டையும் கழற்று, விடையை எழுது, மணியை அடி. பூட்டைத் திற."

வரிசையை மாற்றக் கூடாது. மணியை அடித்த கணமே காத்திருந்தவர் எழுந்து போய்விடலாம். போனால் அவர் ஸ்டாக் போகும், ஸ்டாக்கோடு சீட்டும் போகும். மணிக்குப் பிறகு விடை எழுதினால், இல்லாத சீட்டில் எழுதியதாகும். மணிக்குப் பிறகு கழற்றினால் இல்லாத கொக்கியைக் கழற்றியதாகும். இதே காரணத்தால்தான் பட்டியலில் நடக்கும்போது அடுத்த சீட்டின் முகவரியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

இந்த உருவத்தில் மூலம் ஓராண்டு ஓடியது. 2024-இல் பிழை வந்தது, பூட்டில் அல்ல, காத்திருப்பில். ஆர்ம் கணினிகளுக்கான ஒரு ஏஇஎஸ் குறியாக்க மாட்யூல், தன் தொடக்க வேலையின் நடுவில் ஒரு அல்காரிதத்தைக் கேட்டது. கெர்னல் அதற்காக, மாட்யூல்களை ஏற்றும் மோட்ப்ரோப் என்ற நிரலை ஓட்டியது. மோட்ப்ரோப் ஏற்ற வந்த கோப்போ அதே மாட்யூல். பட்டியலில் முதல்வரின் சீட்டு இருக்கிறது. ஆகவே மோட்ப்ரோப் மணிக்குக் காத்திருந்தது. முதல்வரோ மோட்ப்ரோப் முடியட்டும் என்று காத்திருந்தார். மணிக்கான காத்திருப்பு எந்தச் சிக்னலுக்கும் எழுந்திருக்காத வகை. கில் கட்டளை கொடுத்தாலும் அசையாது. குறியாக்கப் பகுதியில் மூலகாரணத்தைத் திருத்த ஒருபுறம் ஏற்பாடாயிற்று. மறுபுறம் டோர்வால்ட்ஸ் காத்திருக்கும் வரியை இப்படி மாற்றினார்:

"மணிக்குக் காத்திரு; சிக்னல் வந்தால் எழுந்துவிடு. எழுந்தால் பூட்டைப் போட்டு, உன் சீட்டு இன்னும் கோத்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் கழற்று."

பாதியில் எழுந்து போகிறவரின் ஸ்டாக்கும் அழியப்போகிறது. சீட்டைக் கழற்றாமல் போனால், பின்னர் முதல்வர் வந்து செத்த இடத்தில் விடை எழுதுவார். சரி, கழற்றிவிட்டால் போயிற்று, "இருந்தால் மட்டும்" எதற்கு? சிக்னலும் மணியும் ஒரே சமயத்தில் வரலாம். இவர் எழுந்து பூட்டுக்குக் கை நீட்டும் முன் முதல்வர் பூட்டைப் பிடித்து, சீட்டைக் கழற்றி முடித்திருக்கலாம். ஒரு கொக்கியை இரண்டு முறை கழற்றினால் பட்டியல் சிதையும். அதனால்தான் முதல்வர் கழற்றும்போது கொக்கியைத் துடைத்து, "இது எதிலும் கோக்கப்படவில்லை" என்று தெரியும்படி வைத்துவிட்டுப் போகிறார்.