சுரங்க நிலையங்கள் கலைக்கூடங்களான வரலாறு

ஓட்டம் நின்ற நிலத்தடி ரயில், டிராம் நிலையங்களைக் கண்காட்சிக்கும் நாடகத்துக்கும் திறந்துவிடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரூன்றியது. நியூயோர்க்கின் கோர்ட் ஸ்ட்ரீட் நிலையம் 1936இல் திறந்து பத்தே ஆண்டில் மூடப்பட்டது. 1976இல் அது போக்குவரத்து அருங்காட்சியகமானது. பழைய பெட்டிகள் அங்கே தண்டவாளத்தின் மேலேயே நிற்கின்றன.

வொஷிங்டனின் டுபொண்ட் சர்க்கிள் நிலையம் பல கை மாறியது. 1949இல் திறந்த இந்த டிராம் நிலையம், நகரில் டிராமே ஒழிந்த 1962இல் மூடப்பட்டது. பிறகு அணுகுண்டுப் புகலிடமாக இருந்தது. 1995இல் உணவுக்கடைகள் வந்தன, நிலைக்கவில்லை. 2016இல் கலைக்கூடமாகத் திறந்தபோது, வேறோர் அருங்காட்சியகம் பயன்படுத்தி முடித்த 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பந்துகளைக் கட்டிகளாக ஒட்டி வைத்தார்கள். வந்தவர்கள் அவற்றை அடுக்கினார்கள், கலைத்தார்கள், மறுபடி அடுக்கினார்கள். வெறும் பார்வையாளராக யாரையும் நிறுத்தாத அந்தத் தொடக்கமே இத்துறையின் சிறந்த முன்மாதிரி.

டோக்கியோவில் உயெனோ மிருகக்காட்சிசாலையருகே 1933இல் திறந்த நிலையத்தின் மேடை நான்கு பெட்டிகளுக்கு மேல் கொள்ளாது. ரயில்கள் நீண்டன, பயணிகள் குறைந்தனர். 1997இல் சேவை நின்றது. சுவரில் தீட்டிய பென்குவினும் யானையும் மிஞ்சின. 2018இல் அங்கே கலைக் கண்காட்சி நடந்தது. இலண்டனில் வோட்டர்லூ நிலையத்தின் அடியிலிருந்த வளைவறைகள் சில ஆண்டுகள் நாடக அரங்காயின.

இலங்கையின் சபரகமுவவில் நிலத்தடி நிலையம் இருந்ததில்லை. ஆனால் கைவிடப்பட்ட ரயில் பாதை உண்டு. தோட்டத்துத் தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு இறக்கிய களனிவெளிக் குறும்பாதை 1902இல் அவிசாவளையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் ரயில் நின்றது. எட்டியாந்தோட்டைக் கிளை அதற்கும் முன்பே போய்விட்டது. மாசியில் காமன் கூத்து ஆடும் தோட்ட மக்களுக்கு லயத்தருகே உள்ள பொட்டல்தான் அரங்கு. தண்டவாளத்தை அகற்றியபோது ஒரு நிலையக் கட்டடத்தையாவது கூத்துக்கும் ஒத்திகைக்கும் விட்டிருக்க வேண்டும்.  இலங்கை ரயில்வேயின் 150ஆவது ஆண்டில், 2014இல், தேசிய ரயில் அருங்காட்சியகம்கூட சபரகமுவவுக்கு வெளியே, கேகாலை எல்லைக்கு அப்பால் கடுகண்ணாவையில்தான் திறக்கப்பட்டது.