அமிலமும் காரமும்: திருப்பூர்ச் சாயத்தொழிலில்

நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனிகளைத் தரும் பொருள் அமிலம் என்றும், ஹைட்ராக்சைடு அயனிகளைத் தந்து அமிலத்தின் வீரியத்தை அடக்கும் பொருள் காரம் என்றும் வழங்கப்படுகின்றன. டென்மார்க் வேதியியலாளர் சோரென்சென் 1909இல் வகுத்த பி.எச். அளவுகோலில் 7 நடுநிலையைக் குறிக்கும். அதற்குக் கீழே அமிலத்தன்மையும் மேலே காரத்தன்மையும் ஓங்கும். ஓர் எண் மாறினால் அயனிச் செறிவு பத்து மடங்கு மாறிவிடும்.

பருத்தித் துணியைக் காரத்தால் வெளுக்கும் முறை திருப்பூரின் பனியன் தொழிலுக்கு மிக முந்தியது. சலவைத் தொழிலாளர் உவர்மண்ணும் சாம்பலும் கரைத்த நீரில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தபோது, அவற்றிலிருந்த சோடியம், பொட்டாசியம் கார்பனேட்டுகளே அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைத்தன. திருப்பூரின் சலவைப்பட்டறைகளில் அவ்வேலையை வலிமை மிக்க காஸ்டிக் சோடா ஏற்றுக்கொண்டு, வெளுக்காத கோரா துணியிலுள்ள மெழுகையும் பெக்டினையும் நீக்கியது. ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் காப்புரிமை பெற்ற பிளீச்சிங் பவுடர் இங்கும் நெடுங்காலம் வெளுக்கப் பயன்பட்டது. தங்கும் சுண்ணாம்பை அகற்றத் துணியை அமில நீரில் அலச வேண்டியிருந்தது. பிற்காலத்தில் காரக் கரைசலில் செயல்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளீச்சிங் பவுடரின் இடத்தைப் பிடித்தது. 1956இல் சந்தைக்கு வந்த வினைச்சாயங்கள் பருத்தியின் செல்லுலோசுடன் பிணைய, பி.எச். 11ஐ ஒட்டிய காரநிலை வேண்டும். இதற்காகவே சாயத்தொட்டியில் சோடா ஆஷ் இடப்படுகிறது. எஞ்சிய காரத்தை முடிவில் அசெட்டிக் அமிலம் நீக்குகிறது.

செல்லுலோஸ் காரத்தை ஓரளவு தாங்கும். ஆனால் வலிய அமிலம் அதன் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டித்துவிடும். ஆகவே சரியாக அலசாத துணியில் தங்கிய கந்தக அமிலம், ஈரம் உலர உலரச் செறிவடைந்து இழையை இற்றுப்போகச் செய்யும். மனித உடலிலோ நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. அமிலம் தோலின் புரதத்தை உறையச் செய்வதால் தானே மேலும் இறங்காதபடி ஓரளவு தடையுண்டாகிறது. காஸ்டிக் சோடாவோ கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே உள்ளிறங்கும். தொடக்கத்தில் வலி குறைவாகத் தோன்றுவதும் உண்டு; ஆயினும் கண்ணில் தெறித்த காரத்தை உடனே நீண்ட நேரம் ஓடும் நீரில் கழுவாவிட்டால் பார்வையே போகக்கூடும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் எழும் வெப்பத்தில் கரைசல் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு அமிலம் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும்.

அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்யும்போது உப்பும் நீரும் உண்டாகின்றன. பி.எச். 7க்கு வந்த கழிவுநீர் தீங்கற்றது என்று கொள்வது இதனால் பெரும் பிழையாகும். அந்த உப்போடு, சாயத்தைத் துணியில் ஏற்றச் சேர்க்கும் உப்பு பேரளவில் கலந்து நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்திற்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி வயல்களும் கிணறுகளும் உவர்ப்பேறிக் கெட்டன. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றலாகாது என்னும் நெறியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் வலியுறுத்தியது; அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாய, சலவைப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

அதன்பின் இயங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச்சவ்வூடு பரவலால் நீரைப் பிரித்துப் பட்டறைகளுக்கே திருப்பி அனுப்புகின்றன. செறிந்த உப்புக்கரைசலில் ஒரு பகுதி மீண்டும் சாயத்தொட்டிக்குச் செல்ல, ஆவியாக்கிகளில் திரளும் கலப்பு உப்பை மழைநீர் படாத கூடங்களில் சேமித்துவைக்க வேண்டியிருக்கிறது.