குப்பியும் வர்ணனையும்

1887 டிசம்பரில் யூஜேன் சீமோன் என்ற பிரெஞ்சுக்காரர் சிலந்தி சேகரிக்க வெனிசுவேலா போனார். பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், மழைக்காட்டுச் சருகுகளுக்கடியில் மலிந்த ஒருவகைச் சிலந்திகளுக்கு 1890-ல் ஊனோபிடே என்று தனிக் குடும்பம் வகுத்தவர் இவர். லத்தீனில் அவர் எழுதிய வர்ணனைகள் சுருக்கமானவை. இன்று அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இனம் பிரிப்பது கடினம். ஆனால் எந்த உடலைப் பார்த்து எழுதினாரோ அதைச் சாராயக் குப்பியில் பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு விட்டுப்போனார்.

2006-ல் நார்மன் பிளாட்னிக் குழுவினர் இக்குடும்பத்தை மறுபரிசீலனைக்கு எடுத்தபோது, பழைய குப்பிகளைத் திறந்து, ஆண் சிலந்தி விந்தை ஏந்தும் உறுப்பின் நுனிவரை பார்த்தார்கள். ஏறக்குறைய 500 ஆக இருந்த இனங்கள் இன்று 1,800-ஐத் தாண்டிவிட்டன.

வர்ணனை போதாமல் போகலாம். பொருள் பக்கத்தில் இருந்தால் அடுத்தவன் திருத்துவான். விமர்சனம் என்று நாம் எழுதுவதில் எத்தனைக்கு இந்தக் குப்பி இருக்கிறது?