எப்சிலான் பேசும் இடம்



ஐயாவின் நினைவாக நடக்கும் இந்தப் பேருரையில் வழக்கமாக ஒரு போராட்டத்தின் வரலாற்றையோ ஒரு சட்டத்தின் வரலாற்றையோ பேசுவோம். இந்த ஆண்டு மூன்று ஆங்கில நாவல்களோடு வந்து நிற்கிறோம். காரணம், நம் மாலைப் படிப்பகத்துக்கு வரும் நான்கு பிள்ளைகள். தனியார் பள்ளி ஒன்றில் 11ஆம் வகுப்பு படிக்கிறார்கள். டிஸ்டோபியா நாவல்களைப் படித்து, குழுவாகச் சேர்ந்து வகுப்பின் முன் 20 நிமிடம் பேச வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்த வேலை. அவர்கள் தயாரித்த ஸ்லைடுகளில் ஒன்றை நீக்கச் சொன்னார்கள். அந்த ஒரு ஸ்லைடைப் பற்றியதுதான் இந்த உரை.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அரசு சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே மனிதர்கள் நசுங்கிக் கிடக்கும் ஒரு கற்பனைச் சமூகத்தைக் காட்டுவது டிஸ்டோபியா. 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தில் அரசைச் சாடும்போது ஜான் ஸ்டூவர்ட் மில் இந்தச் சொல்லைக் கையாண்டார். அயர்லாந்தில் அன்று எரிந்துகொண்டிருந்தது நிலப் பிரச்சினை. நாவலுக்குள் போவதற்கு முன்பே இந்தச் சொல்லின் பக்கத்தில் நிலமற்றவன் நின்றிருக்கிறான் என்பது, பஞ்சமி நிலத்துக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் நமக்கு ஒரு சின்ன ஆறுதல்.

பிள்ளைகள் முதலில் எடுத்தது ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்'. அதில் குழந்தைகள் தாயின் வயிற்றில் பிறப்பதில்லை. குடுவையில் வளர்க்கிறார்கள். ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என ஐந்து அடுக்குகள். ஆல்பாவுக்குச் சாம்பல் நிற உடை, டெல்டாவுக்குக் காக்கி, எப்சிலானுக்குக் கறுப்பு. எப்சிலான் ஆகப்போகும் கருவுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து மூளையை வளரவிடாமல் செய்கிறார்கள். தூங்கும் குழந்தைகளின் காதில் பாடம் ஓடுகிறது. பீட்டாவாகப் பிறந்ததற்கு மகிழ வேண்டும், ஆல்பா ரொம்ப உழைக்க வேண்டியவன், நமக்குக் கீழே இருப்பவனோ முட்டாள் என்கிறது அந்தப் பாடம். யாரும் தனக்கு மேலே இருப்பவனோடு மோதுவதில்லை. ஒவ்வொருவனுக்கும் இகழ்வதற்குக் கீழே ஒருவன் இருக்கிறான். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதை நமக்கு நாமே எத்தனை பயிலரங்குகளில் சொல்லியிருப்போம்! அதையே ஒரு ஆங்கிலேயர் கதையாக எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டாம் அத்தியாயத்தில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எட்டு மாதக் குழந்தைகளின் முன் படப் புத்தகங்களையும் ரோஜாப் பூக்களையும் பரப்புகிறார்கள். குழந்தைகள் தவழ்ந்து போய்த் தொடுகின்றன. உடனே சைரன் அலறுகிறது. தரையில் மின்சாரம் பாய்கிறது. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் வாழ்நாள் முழுவதும் அந்தக் குழந்தைகள் புத்தகத்தைக் கண்டாலே அலறும். அவை டெல்டாக் குழந்தைகள். ஆல்பாக்களுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது.

படித்துக்கொண்டிருந்த மாணவி புத்தகத்தை மூடிவிட்டு, "அக்கா, இதுக்கு கரண்ட்டே தேவையில்லையே" என்றாள். சதாராவில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அம்பேத்கர் சாக்குத் துணியில் தனியாக உட்கார வைக்கப்பட்டதும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் இல்லாத நாளில் தாகம்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவள் ஸ்லைடில் போட்டாள். ஒரு பக்கம் மின்சாரத் தரை, மறுபக்கம் சாக்குத் துணி. நீக்கச் சொன்னது இதைத்தான். நாவலில் இல்லாததைச் சேர்க்க வேண்டாம், வகுப்பில் அரசியல் வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

நாங்கள் மேலும் படித்தோம். ஒரு எப்சிலான் பேசுவது நினைவில் நிற்பது ஓரிடத்தில்தான். அவன் லிஃப்ட் இயக்குபவன். பெயர் கிடையாது. குரங்கைப் போன்றவன் என்று ஆசிரியரே எழுதுகிறார். மொட்டைமாடிக்கு வந்ததும், வெளிச்சத்தைப் பார்த்த பரவசத்தில் மாடி வந்துவிட்டது என்று சொல்கிறான். ஒலிபெருக்கி கட்டளையிட்டதும் கீழே போகிறான். அவ்வளவுதான் அவனுக்குக் கதையில் இடம். அந்த உலகத்தை எதிர்த்து மூச்சுத் திணறுபவர்கள் எல்லாம் ஆல்பாக்களும் வெளியிலிருந்து வந்த ஜான் என்பவனும்தான். கதையின் பிற்பகுதியில் ஜான் டெல்டாக்களை விடுதலை செய்யப்போகிறேன் என்று கிளம்பி, அவர்களுக்குப் பங்கிட வைத்திருந்த போதை மாத்திரைகளை ஜன்னல் வழியே வீசுகிறான். டெல்டாக்கள் அவனையே அடிக்கப் பாய்கிறார்கள். தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களாகச் சொல்லும் ஒரு காட்சி நாவலில் இல்லை.

நம் விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது. அடியில் இருப்பவனைப் பழக்கிவிட்டால் அவன் பழகிவிடுவான் என்று ஹக்ஸ்லி நம்புகிறார். அவர் இந்த நாவலை வெளியிடுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1927 மார்ச் 20 அன்று, மகாடில் அம்பேத்கரின் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டிருந்தது. மகாட் நகராட்சியும் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனாலும் தண்ணீர் குடித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். பத்தாண்டுகள் வழக்கு நடந்து 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு நமக்குக் கிடைத்தது. ஹக்ஸ்லியின் குடுவைக்கு ஒரு தலைமுறைப் பயிற்சிதான். நம்மவர்களைப் பழக்கியதோ எத்தனையோ தலைமுறைகளாக. அப்படியும் அவர்கள் குளத்துக்குப் போனார்கள். ஹக்ஸ்லி 1925-26இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துப் பயண நூலும் எழுதியவர். அடுத்த ஆண்டு நடந்த மகாடின் சாயல் ஒரு வரியாகக்கூட நாவலுக்குள் வரவில்லை.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' வெளிவந்தது 1949இல். அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள் என்பதால் ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறோம். அதில் சுவரில் பொருத்திய திரை கட்சிக்காரர்களைத்தான் இடைவிடாமல் கண்காணிக்கிறது. மக்கள்தொகையில் நூற்றுக்கு 85 பேரான உழைப்பாளிகளைக் கட்சி பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அவர்களைக் கண்காணிக்கும் அளவுக்கு மதிப்பில்லை என்று விட்டுவிடுகிறது. ஆர்வெல் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில். தந்தை அபினித் துறை அதிகாரி. அவரே 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஏகாதிபத்தியப் போலீஸாக வேலை பார்த்தவர். அந்தப் பேரரசு யாரை முதலில் கண்காணித்தது? 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிட்டது. 1911இன் சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்பார்கள். ரேகையைப் பதிய வேண்டும், காவல் நிலையத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான். கண்காணிப்பு மேலேயிருந்து தொடங்கும் என்பது நாவலின் கற்பனை. நடைமுறையில் அது கீழேயிருந்து தொடங்கியது. மேலே இருப்பவனின் வீட்டுக்குள் அது நுழையும் என்ற பயம் வந்த பிறகே அதற்கு டிஸ்டோபியா என்று பெயர் கிடைத்தது.

மூன்றாவது நாவலை நாங்கள்தான் பரிந்துரைத்தோம். ஆக்டேவியா பட்லர் கறுப்பினப் பெண். அவரது தாய் வீட்டு வேலை செய்தவர். 1993இல் வந்த 'பேரபிள் ஆஃப் த சோவர்' 2024இன் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. 15 வயதுப் பெண் லாரன் நாட்குறிப்பு எழுதுகிறாள். அவள் இருந்த குடியிருப்பு எரிந்த பின் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் அவளோடு சேர்ந்து நடப்பவர்களில் கடனுக்கு அடிமையாகிக் கிடந்து தப்பி வந்தவர்களும் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் செங்கல் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டு வருகிற நமக்கு அவர்களை அடையாளம் தெரிகிறது. இங்கே எப்சிலான் வெறுமனே லிஃப்ட் ஓட்டவில்லை. கதையையே அவள்தான் சொல்கிறாள். பட்லர் எழுதியதில் 1979இன் 'கிண்ட்ரட்' இன்னும் கூர்மையானது. அதன் நாயகி எதிர்காலத்துக்குப் போகவில்லை, அடிமை முறை இருந்த மேரிலாந்துக்குப் பின்னோக்கி இழுக்கப்படுகிறாள். கேடு கெட்ட உலகத்தைத் தேடி அவளுக்கு வருங்காலம் வரை போக வேண்டியிருக்கவில்லை.

ஸ்லைடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதை நீக்கவா வேண்டாமா என்று படிப்பகத்தில் ஒரு மாலை முழுக்க வாதம் நடந்தது. எங்களில் சிலர், மதிப்பெண் போய்விடும், இந்த முறை விட்டுவிடலாம் என்றோம். மறைக்காமல் சொல்கிறோம், அப்படிச் சொன்னவர்கள் பெரியவர்கள்தான். மறுநாள் அந்த மாணவி நாவலையே எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தைத் திறந்து ஆசிரியரிடம் காட்டியிருக்கிறாள். ஆல்பா முதல் எப்சிலான் வரையிலான அடுக்குகளைக் குறிக்க ஹக்ஸ்லி பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லே 'காஸ்ட்'தான். "நான் சேர்க்கல மிஸ், அவரே எழுதியிருக்காரு" என்றாளாம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அவள் நான்கு நிமிடம் பேசினாள். குழுவுக்கு நேரக் கட்டுப்பாட்டில் மதிப்பெண் குறைந்தது. மற்ற மூவரும் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நான்கு பேரும் சேர்ந்து, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லாரனின் நாட்குறிப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படிப்பகத்தில் ஒரே பிரதிதான், அட்டை கழன்றுவிட்டது. வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான்காம் அத்தியாயம்.