ஹெவி மெட்டலும் மேலைச் செவ்வியல் இசையும்

ஹெவி மெட்டல் 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் ராக் இசையிலிருந்து கிளைத்த இசைவகை. அதன் தாய்வேர் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அதன் கிட்டார் கலைஞர்கள் பலர் பாக், விவால்டி, பாகனினி ஆகியோரிடம் பாடம் கேட்கத் தொடங்கிவிட்டனர்.

தொடர்பு முதல் தொகுப்பிலேயே தெரிகிறது. பர்மிங்காமின் பிளாக் சபாத் குழு 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்ட தொகுப்பின் தலைப்புப் பாடல் சட்ஜம், மேல் சட்ஜம், பிரதி மத்தியமம் என்ற மூன்று ஒலிகளில் கட்டப்பட்டது. குஸ்டாவ் ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ படைப்பில் வரும் ‘செவ்வாய்’ பகுதியை பாஸ் கலைஞர் கீசர் பட்லர் வாசித்துப் பார்த்ததிலிருந்து டோனி ஐயோமிக்கு அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்) பிறந்தது. சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை ஐரோப்பியர் ‘இசையில் பிசாசு’ என்பர். இடைக்காலத் திருச்சபை அதைத் தடைசெய்ததாக ரசிகர்கள் சொல்வது சான்றில்லாத கதை.

டீப் பர்பிள் குழு 1969 செப்டம்பர் 24 அன்றே லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், மால்கம் ஆர்னால்டு நடத்திய ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு தன் கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் கான்செர்ட்டோவை வாசித்திருந்தது. எனினும் பின்வந்தோர் அதிகம் கற்றது அதே குழு 1972இல் வெளியிட்ட ‘ஹைவே ஸ்டார்’ பாடலிலிருந்துதான். அதன் கிட்டார் தனி வாசிப்பின் கார்டு வரிசை பாக் பாணியில் அமைந்தது என்று குழுவின் கிட்டார் கலைஞர் ரிட்சி பிளாக்மோரே கூறியிருக்கிறார். பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் கிட்டார் கலைஞர் ராண்டி ரோட்ஸ், இசைப் பயணங்களுக்கு நடுவிலும் செவ்வியல் கிட்டார் வகுப்புக்குப் போனவர். 1982இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25.

இந்தப் போக்கை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் 1963இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த இங்வே மால்ம்ஸ்டீன். வயலின் கலைஞர் கிடோன் கிரெமர் தொலைக்காட்சியில் வாசித்த பாகனினியின் வயலின் கப்ரீச்சேக்களைக் கேட்டு, அந்த வேகத்தைக் கிட்டாரில் கொண்டுவர முனைந்தார். 1984இல் வந்த அவரது தொகுப்பான ‘ரைசிங் ஃபோர்ஸ்’ நியோகிளாசிக்கல் மெட்டலின் இலக்கணமாயிற்று. புளூஸின் ஐந்து சுரங்களுக்குப் பதிலாக ஹார்மோனிக் மைனர் அதில் கோலோச்சியது. சுர அளவில் அது நம் கீரவாணி. அதில் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்துக் கிரகபேதம் செய்தால் வரும் வகுளாபரணமும் மெட்டலில் தாராளமாகக் கேட்கும். குறை என்னவென்றால், பின்பற்றியவர்கள் பலர் வேகத்தை எடுத்துக்கொண்டு பாக்கின் குரல்பின்னலை (கவுண்டர்பாயிண்ட்) விட்டுவிட்டார்கள்.

ஒலியிலும் உறவு உண்டு. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டை டிஸ்டார்ஷனோடு, அதாவது ஒலியைச் சிதைத்து, வாசித்தால், வாசிக்காத கீழ்ச் சட்ஜமும் சேர்ந்து ஒலிக்கும். தேவாலயப் பைப் ஆர்கனிலும் இவ்வாறே இரு குழல்களைச் சேர்த்து ஆழ்ந்த ஒலியை எழுப்புவர்.

மெட்டாலிகா 1999 ஏப்ரலில் மைக்கேல் கேமன் தலைமையில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியுடன் நடத்திய கச்சேரி புகழ்பெற்றது. ஆனால் பல இடங்களில் ஆர்கெஸ்ட்ரா வெறும் பின்திரைதான். ஹெல்சிங்கியின் சிபேலியஸ் அகாதெமி மாணவர்கள் தொடங்கிய அபோகாலிப்டிகா, 1996இல் மெட்டாலிகா பாடல்களைக் கிட்டாரும் டிரம்ஸும் இல்லாமல் நான்கு செல்லோக்களில் வாசித்தது. இரு இசைகளும் எவ்வளவு நெருங்கியவை என்பதை அறிய அந்தத் தொகுப்பே மேலானது.