தொப்புளைச் சுற்றி 14 ஊசி: ஒரு பழைய பயத்தின் கதை



நாய் கடித்துவிட்டது என்றதும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது, "தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடணுமே?" என்றுதான். "அந்த ஊசியால கை கால் விளங்காமப் போனவங்க உண்டு" என்றும் சொல்வார்கள். இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். அதில் உண்மை இருந்தது. ஆனால் அது இன்றைய ஊசியைப் பற்றிய உண்மை அல்ல.

1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டு வழிகாட்டினார். நோய்க்கிருமி ஏற்றிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி அந்த மருந்தைத் தயாரித்தார். 1911-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில், டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். கிருமி ஏற்றிய விலங்கின் மூளையை அரைத்து, பீனால் சேர்த்துக் கிருமியைக் கொன்று மருந்தாக்கினார். பின்னர் நம் நாட்டில் ஆட்டு மூளையே இதற்குப் பயன்பட்டது. 1907-ல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பல்லாண்டுகள் இந்த மருந்து தயாரானது. அதைத்தான் வயிற்றுத் தோலுக்கடியில் தினம் ஒன்றாக 14 நாள் வரை போட்டார்கள்.

சிக்கல் எங்கே வந்தது? செத்த கிருமியோடு ஆட்டின் நரம்புப் பொருளும் உடலுக்குள் போனது. நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறை ஆட்டுக்கும் நமக்கும் பெரிதும் ஒத்திருக்கும். ஆட்டு மயலினை எதிரியாகக் கருதிய எதிர்ப்பு சக்தி, சிலருக்குச் சொந்த நரம்புகளையும் தாக்கியது. கால்கள் செயலிழந்தன, மூளையில் அழற்சி வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். சில நூறு பேருக்கு ஒருவர் என்றும், சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும் கணக்குகள் வேறுபட்டன. ஆனாலும் மருத்துவர்கள் அந்த ஊசியைப் போட்டார்கள். காரணம், வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அன்று வேறு வழியில்லை.

பிறகு வழி பிறந்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் கிருமியைப் பெருக்கித் தயாரிக்கும் தடுப்பூசி வந்தது; அதில் மூளைத் திசுவே கிடையாது. 2004 டிசம்பரோடு ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் நிறுத்தப்பட்டது. புதிய ஊசியால் நரம்புப் பாதிப்பு வருவது மிக மிக அரிது. அதைக் கையில்தான் போடுகிறார்கள். ஒரு மாதத்துக்குள் நான்கைந்து முறை போய்வந்தால் போதும்.

ஆகவே, நாய் கடித்தால் காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். ஆழமான கடியாக இருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவையா என்று கேளுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள்.

பாட்டி பயந்ததில் தப்பில்லை. அவர் பார்த்த ஊசி வேறு. இதை இன்றே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பேரனை நாய் கடித்த அன்று அவரே முதல் ஆளாக ஆட்டோ பிடிக்கச் சொல்வார்.