பட்டறையும் பல்கலைக்கழகமும்

பிள்ளைக்குப் பட்டமா, கைத்தொழிலா? இவ்வினாவுக்குப் பரங்கிப்பேட்டை வரலாறு விடை பகர்கிறது.

சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்வூரில், 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் இரும்பாலை நடத்தினார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர், உலோகவியல் பயின்றவரல்லர். நம் கொல்லர்கள் களிமண் உலையில் இரும்பும் எஃகும் ஆக்கிய முறையை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். ஆலை நட்டமடைந்தது; ஆயினும் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

கொல்லரோ தம் நுட்பத்தை மைந்தருக்குக் கைவழியே தந்தனர், எழுதிவைக்கவில்லை. உலை அவிந்தது, கலையும் அவிந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்த 1929க்குள் ஏறத்தாழ நூறாண்டு கழிந்திருந்தது.

கைத்தொழில் அறிந்த பிள்ளைக்கு ஏடும், ஏடு கற்ற பிள்ளைக்குக் கைத்தொழிலும் அளிப்பது பெற்றோர் கடனாகும்.